சூசையப்பருக்கு இரண்டு தகப்பன்மார்

இதனால் ஊர்காவற்றுறைக்கும், சுற்றியுள்ள தீவுகளுக்கும், காது கொடுத்தால் உலகத்துக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரிய பெரிய வேதசாஸ்திரிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட முரண்பாடு ஒன்று, கடந்த ஞாயிறு பூசை முடிந்தபின் கோவில் மண்டபத்தில், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் சவிரிமுத்து மாஸ்டரால் தீர்த்து வைக்கப்பட்டது.

வேதத்தில், யேசுவை வளர்த்த சூசையப்பரின் தகப்பன் யாக்கோபு என்கிறார் மத்தேயு. ஏலி என்கிறார் லூக்கா. மாஸ்டர் தொண்டையைச் செருமி விளக்கினார். அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தால் தம்பி அண்ணியை மணப்பது யூத முறை. பிறக்கும் பிள்ளை அண்ணன் பெயரில் வளரும். ஆகவே பெற்றவர் ஒருவர், பெயர் கொடுத்தவர் மற்றவர்.

"ரெண்டு பேரும் உண்மைதான் எழுதினவை. முரண்பாடு வேதத்திலை இல்லை, எங்கடை அரைகுறை வாசிப்பிலை."

மண்டபம் கைதட்டியது. மாஸ்டரின் மகள் கிருசாந்தி கொஞ்சம் கூடுதலாகத் தட்டினாள். கடைசி வாங்கில் இருந்த கிளின்ரன் தட்டவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நெடுந்தீவுக்காரன், வயரிங் வேலை செய்பவன். கிருசாந்தி கட்டுவதென்றால் இவனைத்தான் என்று இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அவன் தாய் ஞானசவுந்தரியைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்தான். மாஸ்டர் சாய்மனைக் கதிரையில் இருந்து விசாரணையைத் தொடங்கினார். தொழில், வீடு, காணி எல்லாம் ஒருவாறு தேறின.

"சரி தம்பி, தகப்பன்ரை பேர்?"

"அந்தோனி," என்றான் கிளின்ரன்.

"மரியாம்பிள்ளை," என்றாள் தாய், அதே மூச்சில்.

மாஸ்டர் நிமிர்ந்தார். "ஆரேன் ஒருத்தர் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் தகப்பனாக ஏலாது."

ஞானசவுந்தரி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "மரியாம்பிள்ளைதான் என்னை முதல் கட்டினவர், ஐயா. கட்டின கையோடை கடலுக்குப் போனவர், வரேல்லை. பிறகு அவற்றை தம்பி அந்தோனி கட்டினவர். இவன் பிறந்தோடனை, அண்ணையின்ரை பேர் அழியக்கூடாது, இவன் அண்ணையின்ரை பிள்ளையாவே வளரட்டும் எண்டு அவர்தான் சொன்னவர். ஊரிலை இவன் மரியாம்பிள்ளையின்ரை மகன்தான்."

"அப்ப நீர் புருசன்ரை தம்பியைக் கட்டினனீர்." மாஸ்டர் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீர்' என்பதற்கு இறங்கிவிட்டிருந்தார்.

"ஓம்."

"தகப்பன் ஆரெண்டே ரெண்டு கதை சொல்லுற வீட்டிலை நான் பிள்ளையைக் குடுக்கேலாது."

கிளின்ரன் எழுந்தான். "அம்மா, வாங்கோ. படகு போயிடும்."

"கொஞ்சம் இரும்," என்றாள் கிருசாந்தி. தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். "அப்பா, அப்ப பொய் சொன்னது மத்தேயுவோ, லூக்காவோ?"

"அதையும் இதையும் முடிச்சுப் போடாதை."

"முடிச்சை அவிழ்த்தது நீங்கள். பள்ளிக்கூடத்திலை இவரை 'ரெண்டு அப்பன்' எண்டு கூப்பிட்டு நக்கலடிச்சவங்கள். சூசையப்பருக்கும் அப்பிடித்தான் எண்டு நீங்கள் சொல்லித்தான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வரத் துணிஞ்சவர். நீங்கள் சொன்னதை நான் நம்பினனான் அப்பா. இப்பவும் நம்புறன்."

மாஸ்டர் புத்தக அலுமாரியைப் பார்த்தார். எபிரேயம் பற்றி ஒன்று, கிரேக்கம் பற்றி இரண்டு, எல்லாம் தடித்த புத்தகங்கள். ஒன்றும் வாய் திறக்கவில்லை.

"அது இஸ்ரவேல், பிள்ளை," என்றார் கடைசியில். "இது ஊர்காவற்றுறை."

கிருசாந்தி தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தோளில் உடுப்புப் பை இருந்தது. ஞானசவுந்தரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கை வெளிக்கிடுறாய்?"

"நெடுந்தீவிலையும் கோவில் இருக்கு அப்பா. கட்டி வைக்கச் சுவாமியும் இருக்கிறார்."

மூவரும் முற்றத்தில் இறங்கினார்கள். மாஸ்டர் பின்னால் ஓடினார். தெருவில் செபமாலைக்குப் போகும் சனம். பாதிப் பேர் போன ஞாயிறு கைதட்டியவர்கள். படலையடியில் ஒவ்வொருவராக நடையைக் குறைத்தார்கள். ஒரு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், பிள்ளை பையோடை நிக்குது? ஆர் இவை?" என்று கேட்டாள்.

மாஸ்டர் பையைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார்.

"சம்மந்தி வீட்டுக்காரர்," என்றார் உரக்க.

கலியாணம் அப்படித்தான் நிச்சயமானது.