நொமல் பேகுவின் வீட்டுக்கு அடியில்

கொம்பறுபட்டுச் செத்த பெண் காண்டாமிருகம், பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் நொமல் பேகுவின் வீட்டுக்கு அடியில் சாணம் போட்டுவிட்டுப் போனது. போனது என்பது தவறு. கோரைக்காட்டிலிருந்து மூன்று விரல் தடங்கள் சேற்றில் வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை. பிரம்மபுத்திரா வெள்ளத்துக்குப் பயந்து நாங்கள் வீடுகளை மூங்கில் கால்கள்மேல் கட்டுகிறோம். அடியில் பன்றியும் தறியும் இருக்கும். நொமல் வீட்டில் அன்று ஆவி பறக்க இரண்டு கூடைச் சாணமும் இருந்தது.

காண்டாமிருகம் தினமும் ஒரே இடத்தில்தான் சாணம் போடும். அந்த இடம் தெரிந்தால் போதும், துப்பாக்கிக்காரன் காத்திருந்து சுட்டுவிடலாம். கைகாட்டியவன் நொமல். அதற்கு அவனுக்கு ஒரு படகு எஞ்சின் கிடைத்தது. ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம்தான் எல்லோருக்கும் கேட்டதே.

நொமல் சாணத்தை அள்ளிக்கொண்டுபோய் ஆற்றில் கொட்டினான். மறுநாளும் கிடந்தது. "விருந்தாளி இன்னும் கிளம்பலையா?" என்று எதிர்வீட்டு கோலாப் தினமும் கேட்பான். நொமலின் மனைவி ருபஹி தறியில் உட்கார்ந்தால் முதுகில் சூடான மூச்சு படும். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

"என்னை ஒண்ணும் செய்யல. அது இருந்த இடத்தை நீங்க காட்டிக் குடுத்துட்டீங்க, வேற எங்க போகும்?" என்றாள் புருஷனிடம்.

செத்ததற்கு ஒரு குட்டி இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் தாயின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அது உயிரோடு வந்தது. பெரிய குவியலுக்குப் பக்கத்தில் சின்னதாகப் போட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பியது. அன்று நொமல் எஞ்சினைக் கழற்றி ஆற்றில் தள்ளினான். வெட்கம்தான், வேறென்ன. குட்டி அதற்குப் பிறகும் தினமும் வந்தது.

மூன்று வருஷம் கழித்துத் தாயைச் சுட்ட ஆட்கள் இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள்.

"குட்டிக்குக் கொம்பு முளைச்சிருச்சாமே. எங்கடா போடுது?"

சொன்னால் குட்டி போகும், மறைத்தால் தன் உயிர் போகும். நொமல் வீட்டடியைக் காட்டினான். "இங்கதான். ஆனா முதல்ல அதோட அம்மா வருவா. அவளைப் பாத்துட்டு அப்புறம் சுடுங்க."

சிரித்துவிட்டு வீட்டடியில் உட்கார்ந்தார்கள். பொழுது விடிகிற நேரத்தில், மேலே கால் எதுவும் இல்லாமல், சேற்றில் தடங்கள் ஒவ்வொன்றாய் விழுந்தன. இருவரையும் ஒருமுறை சுற்றி வந்து நின்றன. பிறகு வெறும் காற்றிலிருந்து, துப்பாக்கி வைத்திருந்தவன் மடியில், சூடாகச் சாணம் விழுந்தது. துப்பாக்கியையும் இரண்டு ஜோடிச் செருப்பையும் காலையில் வனக்காவலர்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

இந்த வருஷ வெள்ளத்தில் நொமலின் வீடு சாய்ந்தது. ஊரே கூடித் திரும்பக் கட்டினோம். கால் எவ்வளவு உயரம் வேண்டும் என்று கோலாப் கேட்டான்.

"ஒரு முழம் கூட்டியே வை."

"ஏன், அவளுக்கு முதுகு இடிக்குதாக்கும்?"

"செத்தவளுக்கு என்ன இடிக்கும்? பிள்ளை வளருதுல்ல."

கோலாப் ஒரு முழம் கூட்டி அளந்து மூங்கிலை வெட்டினான்.