எட்டுப் பேருக்கான பத்து அங்குலம்

அக்காவின் மோட்டார் முடிந்துவிட்டது என்று மாமா தீர்ப்புச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் எதையும் குறித்து வைக்கிறவள். குறித்ததை மூன்று முறை சரிபார்க்கிறவள். கடையில் என் பெயரே ‘அளவுகோல்’ என்று ஆகிவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. படகு மோட்டார் உதிரிபாகக் கடை அவருடையது. பகலில் அங்கே பில் எழுதுகிறேன், மாலையில் இன்ஜின் பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். அக்கா ஏரியில் படகு ஓட்டுகிறாள். அக்கரை ஆலையின் தொழிலாளிகளைக் காலை ஏழு மணிச் சங்குக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போன மாதம் வரை நாலு பேர், இப்போது எட்டு. எட்டான பிறகு மூன்று நாள் தாமதம். இன்னொரு நாள் பிந்தினால் வேறு படகு பார்த்துக்கொள்வோம் என்று ஆலை மேலாளர் சொல்லிவிட்டார். அந்த எட்டுப் பேரை விட்டால் அக்காவுக்கு வேறு சவாரி கிடையாது.

மாமா தனியாகப் படகில் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார். படகு பறந்தது. இறங்கி வந்து, “காலியா நல்லா ஓடுது. ஆள் ஏறினா மூச்சு வாங்குது. வயசாயிடுச்சும்மா, புதுசு மாட்டிடு,” என்றார். புது மோட்டார் நடக்கிற காரியமில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சந்தேகம் எனக்குப் புதிதல்ல. பெரும்பாலும் என் மேலேயே வரும். அன்றைக்கு மாமா மேல் வந்தது.

வகுப்பிலிருந்து சுற்று எண்ணும் மீட்டரை இரவல் வாங்கினேன். புதன்கிழமை எல்லோரையும் கால் மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, எட்டுப் பேரோடு நானும் ஏறிக்கொண்டேன். முன்பலகையில் உட்காரும் ஆசாமிக்கு உடம்பை வைத்து ‘பீரோ’ என்று பட்டப்பெயர். நாளைக்கும் இப்படி எழுப்பினால் நீந்தியே போய்விடுவோம் என்று அவர் முனகினார். அக்கா கைப்பிடியை முழுக்கத் திருகினாள். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுதுகொண்டே போனது. நிமிடத்துக்கு 4100 சுற்று. 4500-க்கும் 5500-க்கும் நடுவில் ஓட வேண்டும் என்று மோட்டாரின் தகட்டிலேயே அடித்திருக்கிறது. காலியாகத் திரும்பும்போது 5000 காட்டியது. செத்த மோட்டார் திரும்பி வரும்போது மட்டும் எப்படிப் பிழைத்துக்கொள்கிறது?

இரண்டு சிலிண்டரின் அழுத்தமும் ஒரே அளவு இருந்தது; இன்ஜினுக்குள் பழுதில்லை. தண்ணீரைத் தள்ளும் இலையான ப்ரொபல்லருக்குள் இருக்கும் ரப்பர் நழுவியிருந்தால் சுற்று ஏறும், படகு நகராது. இங்கே சுற்றே ஏறவில்லை. மிச்சம் ப்ரொபல்லர்தான். அதன் நடுவில் 13 என்று பொறித்திருந்தது. ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அங்குலம் முன்னே தள்ளப் பார்க்கும் இலை. காலிப் படகுக்குச் சரி. எட்டுப் பேரோடு அது, பெரிய கியரில் வைத்து ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பது மாதிரி.

அந்தப் பதின்மூன்றைக் கொடுத்தது மாமா. இரண்டு வருடத்துக்கு முன் பழைய இலை பாறையில் அடிபட்டபோது, பெரிய நம்பர் நல்ல வேகம் என்று எடுத்துக் கொடுத்தார். அன்றும் தனியாக ஓட்டித்தான் பார்த்தார். பில்லில் இருப்பது என் கையெழுத்து.

ஓர் அங்குலம் குறைத்தால் இருநூறு சுற்று ஏறும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பதினொன்று போட்டால் 4500, விளிம்பில் நிற்கும். பத்து போட்டால் 4700. ஆனால் காலியாகப் போகும்போது 5600, எல்லையைத் தாண்டிவிடும். இதை நினைத்து இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய மோட்டார் என்பதால் ப்ரொபல்லர் மாட்டும் தண்டில் பத்துப் பல்தான். புதிதாக வருகிற ப்ரொபல்லர்கள் இதில் ஏறாது. நகத்தால் மூன்று முறை எண்ணினேன். கடையின் பின் அலமாரியில் பத்துப் பல், பத்து அங்குலத்தில் ஒன்றே ஒன்று தூசி படிந்து கிடந்தது.

வியாழக்கிழமையும் அக்கா எட்டுப் பேரை முன்னதாகவே வரச் சொல்லி ஏற்றிப் போனாள். அன்று அதைக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்தேன்.

“பத்தா? பத்து மாட்டினா படகு தவழும். நாலு நாள் கிளாஸுக்குப் போயிட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?”

“காலியா இருந்தா தவழும் மாமா. ஆளோட எழும்பும்.”

“எழும்பலைன்னா?”

“அப்புறம் நான் கடைக்கு வரலை.”

அப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. மாமா என்னையும் ப்ரொபல்லரையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீரில் நனைந்த சாமானைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றார். வாங்க வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாட்டினோம். மாமாவும் துறைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி நேரத்தில் ப்ரொபல்லரின் நட்டை மூன்றாவது முறை இறுக்கிப் பார்த்தேன். ஒரு தடவை காலியாக ஓட்டிப் பார்ப்போமா என்று அக்காவின் காதில் கேட்டேன்.

“காலியா பார்த்துப் பார்த்துத்தான்டி இந்தக் கதி,” என்றாள் மாமாவுக்கும் கேட்கிற மாதிரி. “ஏறுங்க எல்லாரும்.”

புதன்கிழமை உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரையும் உட்கார வைத்தேன். முதல் நூறு அடி, படகு வழக்கம்போல் மூக்கைத் தூக்கியது. இனி எந்தக் கடையில் வேலை கேட்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகு மூக்கு இறங்கியது. படகு தண்ணீர்மேல் சமமாகப் படிந்து ஓடியது. மீட்டரில் 4650.

“ஏம்மா, இன்னிக்கு மூஞ்சியில தண்ணி அடிக்குது?” என்றார் பீரோ.

“நாளைக்குக் குடையோட வாங்க,” என்றாள் அக்கா.

வழக்கமான நேரத்துக்குக் கிளம்பியும் ஆறு மணி ஐம்பத்திரண்டுக்கே அக்கரை. சங்கு ஊதும்போது எட்டுப் பேரும் ஆலைக்குள்ளே இருந்தார்கள்.

திரும்பும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டே, 5400 வந்த இடத்தில் கைப்பிடியில் சிவப்புக் கோடு போட்டேன். காலியாக வரும்போது அதைத் தாண்டக்கூடாது. துறையில் மாமா காத்திருந்தார். சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவில்லை.

“காலிப் படகு இவ்வளவு மெதுவாவா வரும்?”

“காலியா வர்றப்போ எனக்கு என்ன மாமா அவசரம்?” என்று கயிற்றைக் கட்டினாள் அக்கா.

அன்று கடையில் மாமா ஒரே ஒரு விஷயம் சொன்னார்: கவுண்டரில் உன் கிளாஸ் பேச்சு வேண்டாம், பில்லை மட்டும் எழுது. நான் பில் புத்தகத்தை எடுத்துத் தேதி எழுதினேன்.

மதியம் ஒரு காய்கறிப் படகுக்காரர் வந்தார். பழைய மோட்டார், வேகம் வேண்டும், பெரிய நம்பராகக் கொடுங்கள் என்றார். மாமாவின் கை அலமாரிக்கு நீண்டது. நான் பேனாவை மூடி வைத்தேன்.

“அண்ணே, எத்தனை மூட்டை ஏத்துவீங்க?”

மாமா திரும்பிப் பார்த்தார். படகுக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன்.