ஹெரால்டுக்கு நாற்பத்தேழு ரிமார்க்

மகள் கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று செல்வநாதன் அறிவித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காரை மட்டும் அனுப்பிவைக்கிறேன் என்று அறிவித்து மூன்று வாரம். தான் போகாத கல்யாணத்துக்குத் தன் காரை அனுப்புகிற ஆளை ராயபுரம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதனால் தெருவில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு வந்து அவரை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கேட்டது மகள்தான். மெர்லினுக்குப் புனேயில் வேலை, கல்யாணமும் அங்கேயே. "அப்பா வரலன்னா பரவால்லம்மா. அந்த வண்டியாவது வரட்டும். அதுல போய் எறங்கணும்னு சின்ன வயசுலேர்ந்து நெனச்சிகினு கீறேன்" என்று அம்மாவிடம் போனில் சொன்னாள். ஹில்டா வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தாள். செல்வநாதன் காதில் விழாதது போல உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தார்.

"வண்டி போவட்டும். வண்டி இன்னா பாவம் பண்ச்சு?"

வண்டி என்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அறுபத்தெட்டாம் வருஷ மாடல், வானநீலம், மெட்ராசிலேயே செய்தது. கப்பல் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது வாங்கியது. முப்பத்தைந்து வருஷமாகக் கடல் காற்றின் உப்பு அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள அவர் படாத பாடில்லை. அந்தப் பாட்டில் கால்வாசியை என்னிடம் காட்டியிருந்தால் என்று ஹில்டா ஆரம்பிப்பாள். முடித்ததில்லை.

செல்வநாதன் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். வெளிநாட்டுக்குப் போகிற புதுக் கார்கள் கப்பலில் ஏறும் முன்னால் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, எங்கே கீறல், எங்கே நசுங்கல், எது குறைகிறது என்று தாளில் எழுதுவதுதான் வேலை. அதற்கு ரிமார்க்ஸ் என்று பெயர். முப்பத்தோரு வருஷம் அதையே செய்தவருக்கு 'ரிமார்க்ஸ் செல்வா' என்ற பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. ரிட்டயர் ஆனபோது ஆள்தான் ரிட்டயர் ஆனார், கண் ஆகவில்லை. மெர்லினைப் பெண் கேட்டு வந்தவர்களில் முதல் பையனுக்கு வலது தோள் ஒரு விரக்கடை இறக்கம் என்றார். இரண்டாமவன் சிரித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்கிறான் என்றார். மூன்றாமவனிடம் எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லி அவனையும் அனுப்பிவிட்டார். இதற்குள் மெர்லினுக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது.

பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவளே நிலவனைப் பார்த்துக்கொண்டாள். வியாசர்பாடிப் பையன், பௌத்தக் குடும்பம், புனேயில் கார் ஃபேக்டரியில் உத்தியோகம். கல்யாணம் விகாரையில். மாதா கோயிலில் வைக்காத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்றார் செல்வநாதன். மாதா கோயிலும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, வியாசர்பாடிதான், பையன் சாதிதான் உங்களுக்கு உறுத்துகிறது என்று ஹில்டா முகத்துக்கு நேரே சொன்னாள். அதில் பாதி உண்மை. அது அவருக்கும் தெரிந்திருந்ததால் கோபம் இரண்டு மடங்காயிற்று. மீதிப் பாதி என்னவென்றால், மகள் அவரைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டாள். ரிமார்க்ஸ் எழுதக் கட்டமே இல்லாத ஒரு ஃபாரத்தை அவர் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தார். நிலவன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். இரண்டு தடவையும் இவர் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டார். அதுவரை அந்த வீட்டில் துணி எடுத்த ஆளில்லை அவர்.

லாரி பிடிக்கிற வேலை பத்து நாள் இழுத்தது. முதல் டிரான்ஸ்போர்ட்காரன் போனை எடுத்ததுமே "நீங்க கவலையே படாதீங்க சார்" என்றான். கவலைப்படாதே என்பவன் கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்பது துறைமுகத்தில் அவர் கற்றது, அதோடு போனை வைத்துவிட்டார். மாதவரத்துக்காரன் திறந்த லாரி என்றான். வழியெல்லாம் காக்காய் எச்சம் விழும் என்று அவனையும் விட்டுவிட்டார். இன்னொருவன், லாரி எதற்கு, நானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிடுகிறேனே என்று கேட்டுவிட்டான். அவன் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

கடைசியில் புனேயிலிருந்து மெர்லினே ஆன்லைனில் ஒன்றைப் பதிவு செய்தாள். திருவொற்றியூரில் யார்டு, நாலு பக்கமும் மூடிய லாரி, பொறுப்பாளர் பெயர் அசோகன். கிளம்பும் நாள் காலையில் செல்வநாதன் ஹெரால்டை அவரே ஓட்டினார், பக்கத்தில் ஹில்டா. எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குக் காத்து நின்ற கன்டெய்னர் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டியிருந்தன. அவற்றின் சக்கர உயரமே இருந்த ஹெரால்டைப் பார்த்து டிரைவர்கள் கீழே இறங்கிவந்து போட்டோ எடுத்தார்கள். செல்வநாதன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ரொம்பப் பெருமையாகப் போனார்.

யார்டில் காரை ஏற்றுவதற்கு முன்னால் லாரியைச் சோதிக்க வேண்டும் என்றார். சாய்வுப் பலகையை அளந்தார். கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். உள்ளே ஏறித் தரையில் உட்கார்ந்து ஆணி தேடினார். லாரி டிரைவர் ஷாரிக் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"நைனா, அப்படியே என்னையும் ஒரு சுத்து பாத்துடு. எங்கனா டென்டு கிண்டு கீதா?"

"மூஞ்சில கீது. நீ பெல்ட்டு எத்தினி வெச்சிகீற, அத்த சொல்லு."

அசோகன் ஃபாரத்தைக் கொண்டுவந்தான். காரின் படம் ஒன்று, அதன் கீழே 'ஏற்றும் முன்பே உள்ள சேதம்' என்று ஐந்து வரி. செல்வநாதன் அந்த ஐந்து வரியைப் பார்த்துவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னும் நாலு தாளு கொண்டாப்பா."

காரைச் சுற்ற ஆரம்பித்தபோது மணி ஒன்பது. முன் பம்பரில் இடது ஓரம் மயிரிழைக் கீறல், இரண்டு அங்குலம். பின் கதவுக் கைப்பிடியில் குரோம் உரிந்தது. டிக்கியில் அரிசி அளவு நசுங்கல், காரணம் ஹில்டாவின் பிரஷர் குக்கர். "அத்தையுமா எய்தறீங்க?" என்றாள் ஹில்டா. வேண்டாதவன் கார் என்றாலும் சொந்தக் கார் என்றாலும் கண் ஒன்றுதான் என்றார் அவர். பிறகு கூடப் போகிற சாமான்கள்: ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் பை, தார்ப்பாய், மேரி மாதா படம் ஒன்று. தாளில் இருக்கிற சாமான் போய்ச் சேரும் இடத்தில் இல்லையென்றால் அதற்கு 'ஷார்ட்' என்று பெயர். கீறலை மன்னிக்கலாம், ஷார்ட் மட்டும் டேலி கிளார்க்குக்கு மானக்கேடு. அவர் கையெழுத்துப் போட்ட எந்தக் கப்பலிலும் ஷார்ட் வந்ததில்லை.

மொத்தம் நாற்பத்தேழு ரிமார்க். மணி பதினொன்றரை. ஷாரிக் லாரிக்கடியில் துண்டை விரித்துத் தூங்கிப்போயிருந்தான்.

"சூப்பர் சார்" என்றான் அசோகன். "இப்ப பார்ட்டி இத்த ஒத்துக்கணும். அப்பதான் வண்டிய ஏத்துவோம். அப்பால அவுரு நாப்பத்தேழும் உங்களாலதான்னு சொல்லிட்டார்னா எங்களுக்குப் பேஜாரு."

"பார்ட்டி என் பொண்ணு. அவளுக்கு ஒரு போனப் போடு."

"பொண்ணு இல்ல சார். வாங்கிக்கிறவர் பேரு நிலவன்னு கீது."

செல்வநாதன் ஹில்டாவைப் பார்த்தார். ஹில்டா மும்முரமாகக் கன்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வேலையென்று வந்தால் வேலை. சரக்கைப் பெற்றுக்கொள்கிறவருக்குத் துறைமுகத்தில் கன்சைனி என்று பெயர். கன்சைனியோடு பேச வேண்டியது டேலி கிளார்க்கின் கடமை, அதில் சொந்தப் பகைக்கு இடமில்லை.

"நான் மாப்பிள்ளகிட்ட பேசல. கன்சைனிகிட்ட பேசறேன்" என்று பொதுவாக யார்டில் இருந்த எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, அசோகனின் போனை வாங்கினார். வீடியோவில் கண்ணாடி போட்ட ஒரு முகம் வந்தது. இரண்டு வருஷத்தில் அவர் அதை நேருக்கு நேராகப் பார்த்தது அப்போதுதான். தோள் இரண்டும் சமமாக இருந்தன.

"வணக்கம் சார்."

"கன்சைனியா?"

"ஆமா சார்."

"நோட்டு, பேனா கீதா? நான் படிச்சிகினே வருவேன். நீ பாத்துகினே வரணும். குறுக்க பேசப்படாது."

நிலவன் குறுக்கே பேசவில்லை. அவர் படிக்கப் படிக்க, அசோகன் போனைக் கார்மேல் காட்டிக்கொண்டே நடக்க, அவன் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு வந்தான். இருபத்திரண்டாவதில் "அது கீறல் இல்ல சார், பாலிஷ் துணில மண்ணு இருந்து தேச்ச கோடு" என்றான். செல்வநாதன் குனிந்து பார்த்தார். ஆமாம். ஹில்டா பக்கம் திரும்பாமலே தாளில் திருத்தினார். "இன்னா வேல அங்க?" என்று கேட்டார்.

"குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் சார். ஃபேக்டரிலேர்ந்து வண்டி வெளிய போறதுக்கு முன்னால சுத்தி வந்து பாப்பேன்."

இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வந்தவர்கள் எல்லோரும் வந்த நேரத்தில் அவர் மொட்டை மாடியில் இருந்தார். மீதி இருபத்தைந்தையும் படித்து முடித்தார், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அவ்ளோதான். நாப்பத்தேழு. ஒத்துக்கிறியா?"

"இல்ல சார். நாப்பத்தெட்டு கீது."

செல்வநாதன் ரிமார்க்ஸில் ஒன்றைத் தவறவிட்டார் என்று சொன்ன ஆள் இதுவரை பிறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, "எங்க?" என்றார்.

"டிரைவர் பக்கக் கதவு சார். கண்ணாடிக்குக் கீழ, மேல் விளிம்புல. ஒரு சாண் நீளத்துக்கு நீலம் வெளுத்துப்போயி உள்ள தகரம் தெரியுது."

செல்வநாதன் போனார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக அவர் முழங்கை ஊன்றிய இடம். பெயின்ட் போய், வழவழவென்று தேய்ந்து, சாம்பல் நிறத்தில் அவர் கை அளவுக்கே ஒரு தடம். வண்டியில் உட்கார்ந்தால் கை அதன்மேல் இருக்கும். கழுவும்போது துணி அதன்மேல் இருக்கும். அதைப் பார்க்க அவருக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

"எய்திக்கிறேன்" என்றார். எழுதினார். நாற்பத்தெட்டு. "இப்ப ஒத்துக்கோ."

"அதுவும் முடியாது சார். லிஸ்ட்டுல ஷார்ட்டு கீது."

"ஷார்ட்டா?" செல்வநாதனுக்குக் குரல் கிறீச்சிட்டது. "ஸ்டெப்னி கீது, ஜாக்கி கீது, தார்ப்பாய் கீது, மாதா படம் கீது. யார்ட்ட வந்து ஷார்ட்டுன்ற? இன்னா ஷார்ட்டு?"

போனில் நிலவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"அந்தக் கதவுல கை வெச்ச ஆளு சார். மெர்லின் வண்டிக்காக அழுவல. நைட்டு நைட்டு அழுவுறா சார். அந்த ஆளு வராம வண்டி மட்டும் வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஷார்ட்டுன்னுதான் எழுதுவேன்."

செல்வநாதன் அவனைத் திட்ட வாயைத் திறந்தார். கன்சைனி கன்சைனியாக இருக்க வேண்டும், குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது என்று சொல்லத்தான் நினைத்தார். வந்தது வேறு. அறுபத்தாறு வயதில், திருவொற்றியூர் யார்டில், லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் அழுதார். மகளைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. மூன்று மாதமாகவே அப்படித்தான் இருந்தது. ஹில்டா வந்து பக்கத்தில் நின்றாள், ஆனால் தொடவில்லை. தொட்டால் நிறுத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாளில் சாமான் பட்டியலின் கடைசியில் எழுதினார்: 'ஆள் – ஒன்று.'

அசோகன் எட்டிப் பார்த்துப் பதறினான். "சார், சார், ஆளயெல்லாம் நாங்க ஏத்தமாட்டோம் சார். இன்சூரன்ஸு கெடையாது."

செல்வநாதன் பக்கத்திலேயே 'தனியாக ரயிலில் வரும்' என்று சேர்த்தார். பிறகு ஹில்டாவிடம், "நீ போற ரயில்ல எனக்கு எடம் கெடைக்குமா?" என்று கேட்டார்.

"கெடைக்கலன்னா பூனா வரைக்கும் நின்னுகினே வாங்க" என்றாள் ஹில்டா. அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் வாய் அதன் வேலையைப் பார்த்தது. "அந்த ஆளுக்கு நேரா ரிமார்க்ஸ் கட்டம் காலியா கீது பாருங்க. அத்தையும் எய்துங்க. பேப்பர் பத்தலன்னா வாங்கித் தரேன்."

பேனா அந்தக் கட்டத்தின் மேல் ரொம்ப நேரம் நின்றது. கணக்கில்லாத கார்களுக்கு ரிமார்க் எழுதிய கை, இந்த ஒன்றுக்குத் தடுமாறியது. கடைசியில் எழுதி, போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, உரக்கப் படித்தார்.

"ஆள் ஒண்ணு. சேதம் ஏத்துறதுக்கு முன்னாலேர்ந்தே இருந்துச்சு. கம்பெனி பொறுப்பில்ல." பேனாவை மூடினார். "வந்து எறங்குனதும் நல்லா சுத்தி வந்து பாத்து வாங்கிக்க, மாப்ள."

புனேயில் கழற்றிய கண்ணாடி மறுபடி முகத்தில் ஏறியது.

"சரி மாமா" என்றான் நிலவன்.