பதினேழாம் பதிப்பு

“எட்டை எடுத்துட்டுப் பதினேழு போட்டுரும்மா” என்று முதலாளி பாண்டியராஜன் சொன்னபோது, பாண்டிச்செல்வி சாப்பிட்ட டப்பாவைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

காளவாசலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். பால் சென்டர்களில் ஓடும் மென்பொருள் எழுதுவதுதான் அவர்கள் தொழில். ஊற்றுகிற பாலின் எடையையும் கொழுப்பையும் கருவியிலிருந்து வாங்கி, ஊற்றியவர் பெயரில் ஏற்றி, பால் கம்பெனிக்கு அனுப்பிவைக்கும். ஜாவா மொழியில் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய பைட்கோடாகக் கம்பைலர் மாற்றும்போது, எந்தப் பதிப்பு ஜாவாவுக்காக மாற்ற வேண்டும் என்று பில்ட் கோப்பில் ஓர் எண் குறித்திருக்கும். எட்டு என்று இருந்தால் பழைய கணினியிலும் ஓடும், புதியதிலும் ஓடும். பதினேழு என்று போட்டுவிட்டால், பழைய ஜாவா இருக்கிற கணினி அதைத் திறந்துகூடப் பார்க்காது. இது எனக்குரியது இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

பால் கம்பெனி கணக்கனுப்பும் முறையை மாற்றியிருந்தது. அதற்காக பாண்டியராஜன் வெளியிலிருந்து வாங்கிய நிரல் தொகுப்பு பதினேழில்தான் ஓடும்.

“சார், ஒண்ணு ரெண்டு சென்டர்ல இன்னும் பழைய சிஸ்டம்தான் இருக்கு. மெமரி பத்தாது. புது ஜாவா ஏறாது.”

“அதுக்காக எல்லாரையும் அங்கனயே நிக்கச் சொல்ல முடியுமா? மாத்திக்கிரச் சொல்லு.”

அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது ஆபீஸ் முடிந்து தினமும் வந்து நின்றவர். ‘ஒரு நாள் உங்க ஊருக்கு வாரேம்மா’ என்று அவர் சொன்னபோதெல்லாம் பேச்சை மாற்றியவள் பாண்டிச்செல்விதான். ஊர் எது என்று யாராவது கேட்டால் வாடிப்பட்டிப் பக்கம் என்பாள். அதற்கு மேல் கேட்டால் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும் என்பாள். உள்ளே போய், ஊரையும் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி இருக்கிறது என்பதை இந்த ஆபீஸில் அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பழைய கணினி இருந்தது காலனி சென்டரில். அதை நடத்திவந்தவள் அவளுடைய சின்னம்மா ஒச்சம்மாள். முன்பெல்லாம் காலனிப் பெண்கள் ஊர் சென்டருக்குத்தான் பாலைக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ஊற்றி முடிக்கும்வரை புளியமரத்தடியில் நிற்க வேண்டும். அவர்கள் பாலுக்கென்று மூலையில் தனி கேன். அதில் கொழுப்பு எவ்வளவு என்பதைக் கருவி சொல்லாது, பாலை அளந்து வாங்குகிறவன் பார்வை சொல்லும். ஒச்சம்மாள் பெண்களைத் திரட்டிக்கொண்டு பால் கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்தாள். போன இடத்திலெல்லாம் விரட்டினார்கள். விரட்ட விரட்டப் போனாள். கடைசியில் காலனிக்கென்று ஒரு சென்டர் வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் வேண்டாமென்று ஒதுக்கிய கணினியையும் வாங்கி வைத்தாள். அதில் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தது பாண்டிச்செல்வி. முதல் நாள் தன் பெயரும் பாலின் கொழுப்பும் திரையில் வந்தபோது, எழுத்துக் கூட்டத் தெரியாத இருளாயிகூட வந்து திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் பாண்டியராஜனிடம் சொல்லியிருக்கலாம். மெமரி பத்தாது என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்ல வந்தது.

எண்ணை மாற்றினாள். பில்ட் தடங்கல் இல்லாமல் முடிந்தது. கூடப் படித்த தமிழ்வாணி தன்னிடம் சும்மா கிடக்கும் கணினி ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் தீர்ந்தது, புதிய பதிப்பு எப்படியும் திங்களன்றுதான் போகும் என்று நினைத்திருந்தாள். கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்தியதில் பாண்டியராஜன் அதை வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லாச் சென்டருக்கும் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஒச்சம்மாள் போன் செய்தாள். கருப்புத் திரையில் இங்கிலீசில் ஒரு வரி வருகிறது, வேறொன்றும் வரவில்லை என்றாள். பதற்றம் ஒன்றும் இல்லை. மகள் வந்தால் சரியாகிவிடும் என்கிற குரல்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, சமயநல்லூர் தாண்டி இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். சென்டர் வாசலில் பெண்கள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மடிக்கணினியைத் திறந்து, எண்ணைத் திரும்ப எட்டாக்கி, கம்பைல் செய்து பழைய கணினியில் ஏற்றினாள். முதல் திரை வந்தது. “வந்துருச்சுடி” என்று யாரோ சொல்ல, எல்லோரும் எழுந்தார்கள். ஒச்சம்மாள் ஒரு வாளியை ஊற்றினாள். எடை வந்தது, கொழுப்பு வந்தது. கம்பெனிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் திரை செத்துவிட்டது. பாண்டிச்செல்வி எழுதிய பகுதிதான் எட்டுக்கு இறங்கியிருந்தது. வெளியில் வாங்கிய தொகுப்பு ஏற்கனவே பதினேழாகக் கம்பைல் ஆகி வந்தது. அதன் மேல் அவள் போடும் எண் எதுவும் செல்லாது.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து பாண்டியராஜனை அழைத்தாள். இந்தச் சென்டருக்கு மட்டும் பழைய முறையிலேயே கணக்கு வாங்கிக்கொள்ளும்படி கம்பெனியில் கேட்க முடியுமா என்றாள்.

“கேட்டாக் கேக்கலாம். ஆனா ஒரு சென்டருக்காகக் கேக்குறதுன்னா காரணம் வேணும்லம்மா. அப்பிடி என்ன அந்தச் சென்டர்ல?”

உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது. சொன்னால் கேட்டிருப்பார். பாண்டிச்செல்வி வாயைத் திறந்தாள். திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் தான் ஏறிப் போவது கண்ணுக்குள் வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“ஒண்ணுமில்ல சார்” என்றாள். “சின்னச் சென்டர்தான்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பின்னால் ஒச்சம்மாள் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்லையா?” என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பாண்டிச்செல்வி செம்பை வாங்கிக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை நின்று, செம்பை வாங்கிக்கொண்டு ஒச்சம்மாள் உள்ளே போனாள்.

மத்தியானம் கம்பெனி மேற்பார்வையாளர் போனில் பேசினார். கணக்கு வராமல் பாலை ஏற்ற முடியாது, ஒரே ஊரில் ரெண்டு இடத்துக்கு வண்டி வருவதும் முன்பிருந்தே சிரமம்தான், இனி எல்லோரும் ஊர் சென்டரிலேயே ஊற்றட்டும் என்றார். நாளைக்கே வேறு கணினி வந்துவிடும் என்று ஒச்சம்மாள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பார்ப்போம் என்றார். சாயங்காலம் வண்டி ஓடையைத் தாண்டி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்செல்வி தமிழ்வாணியின் கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். புதிய மென்பொருள் அதில் சொகுசாக ஓடியது. ஒச்சம்மாள் மேற்பார்வையாளருக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டாள். அவர் எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் பெண்கள் தூக்குவாளியோடு சென்டரைக் கடந்து ஊரைப் பார்த்துப் போனார்கள். ஒருத்தியும் உள்ளே பார்க்கவில்லை. இருளாயி மட்டும் வாசலில் நின்றாள். “பால வச்சுக்கிட்டு என்னத்தா பண்றது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள். பாண்டிச்செல்வி கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே போனாள். ஊர் சென்டரை நடத்துகிற விருமாண்டி அவர்களைப் பார்த்ததும், வாங்கத்தா என்று நல்லபடியாகத்தான் கூப்பிட்டார். மூலையில் தனி கேன் எதுவும் இல்லை. புளியமரம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். ஆனாலும் பெண்கள் வரிசைக்குப் போகாமல் தளத்தின் ஓரத்தில் ஒதுங்கி, மற்றவர்கள் ஊற்றி முடிக்கட்டும் என்று நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வரிசைக்கு வரச் சொல்லவும் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது சென்டர் திறந்தே கிடந்தது. ஒச்சம்மாளை உள்ளே காணவில்லை. சின்னம்மா வீட்டுக்குப் போனாள். கொல்லையில் மாட்டருகே நின்றிருந்தாள் ஒச்சம்மாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது, கறக்கவில்லை. “சின்னம்மா, நாளைக்கு நானே சார்ட்ட…” என்று தொடங்கினாள். ஒச்சம்மாள் திரும்பிப் பார்க்காமல், கட்டுத்தறியில் குனிந்து கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

கன்று பாய்ந்து மடியில் முட்டியது. எப்போதும் இரண்டு வாய் குடித்ததும் இழுத்துக் கட்டிவிடுகிற கை இன்றைக்கு வரவில்லை. அது சட்டென்று குடிப்பதை நிறுத்தி, வாயோரம் நுரை வழிய, ஒச்சம்மாளை நிமிர்ந்து பார்த்தது. அவள் நகராமல் நின்றாள். கன்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மறுபடி மடிக்குள் தலையை விட்டது.