அசராதவள்

“யம்மா, ஒனக்கு மட்டும் ஏன் சாயங்காலமே ராத்திரி ஆயிருது?” என்று மஞ்சு ஒருநாள் கேட்டாள். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்த மாடத்தி, மகள் குரலுக்கு விழித்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்தாள்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அவளுக்கு அறை சுத்தம் செய்யும் வேலை. அருவிக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மிச்ச எண்ணெயோடு அறைக்குத் திரும்புவார்கள். பாத்ரூம் தரையில் அந்த வழுவழுப்புப் போக, வெந்நீர் ஊற்றி மண்டிபோட்டுத் தேய்க்க வேண்டும். ஆளுக்கு எட்டு அறை. ஆய்க்குடியிலிருந்து வெறும் கடுங்காப்பியோடு பஸ் ஏறுகிறவளுக்கு நாலாவது அறையிலேயே கண் இருட்டிவிடும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களிலெல்லாம், மாடி அறைகளைப் பார்க்கும் முத்துவடிவுதான் இறங்கிவந்து வாளியை வாங்குவாள்.

“நீ கொஞ்சம் உக்காருட்டி. ஒன் பாத்ரூமையும் நான் பாத்துக்கிடுதேன்.”

முத்துவடிவுக்கு முழங்கால் வலி உண்டு. அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

சீசனுக்கு முந்தி, விரிப்புகளுக்குப் பொறுப்பான சுகிர்தம் அக்கா மாடத்தியைப் பிடித்துக்கொண்டாள்.

“காலைல என்னட்டி தின்ன?”

“காப்பி.”

“காப்பி திங்கிற சாமானா? கர்த்தர் குடுத்த வயித்தை இப்பிடியா காயப்போடுவ?”

மறுநாளிலிருந்து தூக்குவாளியில் கேப்பைக்கூழ் வந்தது. அவித்த கடலையும் முருங்கைக்கீரைப் பொரியலும் சில நாள் வந்தன. வேலை தொடங்குமுன் பின்முற்றத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, கையைத் தூக்கவும் இடுப்பை வளைக்கவும் சொல்லிக்கொடுத்தாள் அக்கா.

“செய்யுத வேலை பத்தாதுன்னா எக்சசைஸ் வேற?” என்று முத்துவடிவு சிரித்தாள்.

“நாள்பூரா முன்னாலதானட்டி குனியுத? பின்பக்கத்துக்கு யாரு சோறு போடுவா? வளை!”

மெல்ல மெல்ல மாடத்திக்குக் கிறுகிறுப்பு நின்றது. ராத்திரி மஞ்சு பாடம் படித்து முடிக்கும்வரை விழித்திருக்க முடிந்தது.

ஒருநாள் மேனேஜர் சாம் செல்போனோடு முற்றத்துக்கு வந்தான். “மாடத்தியக்கா, இந்தக் கூழைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. வீடியோ எடுத்து நம்ம லாட்ஜ் பேஸ்புக் பேஜ்ல போடுதேன்.”

கூழ் ஊற்றியவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து புகழ்வது அந்தப் பெண்களிடையே மரியாதை ஆகாது. மாடத்தி மனம் நிறைந்து சொன்னாள்: “முன்ன எட்டு ரூமுக்கே நாக்குத் தள்ளும். இப்பம் பன்னெண்டு குடுத்தாலும் அசர மாட்டேன். எல்லாம் இந்த அக்கா புண்ணியம்.”

சாரல் விழத் தொடங்கியது. வழக்கமாகச் சீசனுக்குக் கூடுதலாகச் சேர்க்கும் பெண்களை இந்த வருஷம் கூப்பிடவில்லை. ஆளுக்குப் பன்னிரண்டு அறை என்றார்கள். கேட்கப் போனவர்களிடம் சாம் செல்போனை நீட்டினான். அதில் மாடத்தியின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“உங்க ஆள்தான சொல்லுது? முதலாளியும் பாத்துட்டாவ.”

“தம்பி, அது அக்காவுக்குப் பெருமையாச் சொன்னதுல்லா?” மாடத்தி முன்னால் வந்தாள். “பேஜ்ல போடத்தான கேட்டிய?”

“பேஜ்லயும் போட்டிருக்கேன்க்கா. நல்ல லைக்.”

சுகிர்தம் அக்கா அழுக்கு விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். “நான் ஊத்துன கூழுக்கு இவனுவ வேலை வாங்குதானுவளே,” என்றாள்.

“வீடியோக்காரி வாரா, வழிவிடுங்கட்டி. அசராதவ!” என்றாள் முத்துவடிவு. அதற்குப்பின் அவள் மாடத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால் வலியோடு பன்னிரண்டைப் பார்க்கிற முத்துவடிவுக்குத் தினமும் பொழுது சாயும்போது இன்னும் மூன்று அறை மிச்சமிருக்கும். இந்த வாரமும் இப்படியே போனால் திங்கள்கிழமை வரவேண்டாம் என்று சாம் சொல்லிவிட்டான்.

மறுநாள் மாடத்தி முதல் பஸ்ஸில் வந்தாள். மாடியில் முத்துவடிவு பார்க்கும் கடைசி மூன்று அறைகளும் இரவே காலியாகியிருந்தன. சாவிகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறினாள். வெந்நீரை ஊற்றி, மண்டிபோட்டு, மூலைவரை தேய்த்தாள். விரலால் தடவிப் பார்த்து, வழுக்கிய இடத்தில் மறுபடியும் தேய்த்தாள். மூன்றாவது அறை முடியும்போது கண் லேசாக இருட்டியது. கதவுநிலையைப் பிடித்து நின்று, தெளிந்ததும் நிமிர்ந்தாள்.

கீழே பெண்களின் பேச்சுக்குரல் கேட்கத் தொடங்கியது. அவள் துணியைப் பிழிந்து, ஈரத்தரையில் பதிந்திருந்த தன் காலடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி பின்னோக்கி நகர்ந்து, வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.