மைனஸ் மூவாயிரத்து நானூறு

யாரிடமும் பேச வேண்டியிருக்காது என்றுதான் நான் இந்தக் கம்ப்யூட்டர் வேலைக்கே வந்தேன். அதனால், மாதக் கடைசிப் பட்டியலில் கடைசியாக வருபவர் புகார் போன் எடுக்கப் போக வேண்டும் என்று மேலாளர் அறிவித்ததும் அதுவரையிலான பட்டியலில் என் பெயரைத்தான் முதலில் தேடினேன்.

பஸ் எப்போது வரும் என்று பயணிகளுக்குக் காட்டும் புரோகிராமைப் பராமரிப்பது எங்கள் வேலை. பத்து வருடமாக ஆளாளுக்குக் கை வைத்து, அது சிக்கு விழுந்த நூல்கண்டாகக் கிடந்தது. ஓடுவது நின்றுவிடாமல், வேண்டாத வரிகளை நான் களைந்துகொண்டிருந்தேன். மேலாளரோ கூடிய வரிகளை எண்ணி உழைப்பை அளந்தார். என் பெயருக்கு நேரே மைனஸ் மூவாயிரத்து நானூறு.

முதலிடம் கோந்துக்கு. பஸ் நேரம் கண்டுபிடிக்கும் ஒரே கணக்கை ஏழு இடத்தில் ஒட்டி வைத்தவன், அதனால் அந்தப் பெயர்.

"குப்பையைக் கூட்டினவளுக்கு மைனஸ், கொட்டினவனுக்குப் பிளஸ்ஸா சார்?" என்று கேட்டேவிட்டேன்.

மேலாளர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. மத்தியானம் வரை யோசித்துவிட்டு வந்தார்.

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. பழசை விட்டுடுவோம். நாளையிலேர்ந்து அழிக்கிற வரிக்குத்தான் மார்க்."

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. என் பங்குப் பகுதியில் அழிக்க ஒரு வரி மிச்சமில்லை. எல்லாவற்றையும் போன வாரமே அழித்துத் தொலைத்திருந்தேன். கோந்து தலை நிமிராமல் உட்கார்ந்து, தான் ஒட்டியதையெல்லாம் கிழித்தான். ஒட்டியதற்கும் முதலிடம், கிழித்ததற்கும் முதலிடம். எனக்குப் பூஜ்யம்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்று அவனே என் நாற்காலியைப் புகார் மேசைவரை தள்ளிக்கொண்டு வந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரியாக உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது.

"எந்த பஸ்ஸுக்கும் நேரமே காட்டலைங்க."

வைத்தேன். மறுபடி அடித்தது. அதே புகார். மூன்றாவது அழைப்பில் போனைக் கையால் பொத்திக்கொண்டு கோந்தைக் கூப்பிட்டேன்.

"ஏழுல ஒண்ணையாவது விட்டு வச்சியாடா?"

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "ஏழாவதுக்கும் மார்க் இருந்துச்சேக்கா."

சாயங்காலம் மேலாளர் புதுப் பட்டியலோடு வந்தார். புகார் மேசைக்கு அழைப்புகளை எண்ணியிருந்தார். இருநூற்றுப் பதினாறு. இந்த அலுவலகத்தில் முதல் முறையாக நான் முதலிடம்.

"உங்க திறமை எங்கே இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. இனிமே இங்கேயே இருங்கம்மா" என்றார்.