தவக்காலத்து முட்டைப் பப்ஸ்

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே உள்ள அந்தத் துறவு மடத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன் குளிர்நாட்டுத் துறவிகள் எழுதிய சட்டங்கள் கொங்கு வெயிலிலும் ஓர் எழுத்து மாறாமல் நடந்தன. உணவறையில் மௌனம், பக்கத்து விசைத்தறி நின்றால்தான் அது காதில் விழும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க இறைச்சியும் முட்டையும் கிடையாது. வெள்ளிதோறும் எல்லோரும் மண்டியிட்டு அவரவர் குற்றத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றவர் எடுத்துச் சொல்லலாம்.

பிரதர் பிரான்சிஸுக்கு இந்தக் கடைசிச் சட்டம்தான் ரொம்பப் பிடிக்கும். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பிரதர் சாமுவேல் முட்டைப் பப்ஸ் தின்றதை அவர் கண்ணாரப் பார்த்திருந்தார். உயிர்ப்பு விழாவான ஈஸ்டர் இரவில் பாஸ்கா புகழுரை என்ற நீண்ட பாட்டைத் தனியாகப் பாடப் போவது இவர்கள் இருவரில் ஒருவர். யாரென்று மடத்துத் தலைவரான பெரிய சாமி வெள்ளியன்று சொல்வார். சாமுவேலுக்கு நல்ல குரல். அதுவே ஒரு குற்றமாகப் பிரான்சிஸுக்குப் பட்டது. மகன் பாடுவதைக் கேட்கப் பிரான்சிஸின் அம்மா பவானியிலிருந்து வேன் வேறு பேசிவிட்டாள்.

வெள்ளி வந்தது. மூத்தவரான சாமுவேல் முதலில் மண்டியிட்டார்.

“முட்டைப் பப்ஸ் தின்னுபோட்டேனுங்க சாமி. ஆசையை அடக்க முடியலைங்க.” குரல் தழுதழுத்தது, அதுவும் சுதி பிசகாமல்.

பெரிய சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யாரும் சொல்லாமத் தானா ஒத்துக்கறான் பாருங்க. தாழ்ச்சின்னா இதுதான். புகழுரையைச் சாமுவேலே பாடட்டும்.”

அடுத்துப் பிரான்சிஸ் மண்டியிட்டார். கதவை அறைந்து சாத்தியதாக ஒரு சின்னக் குற்றம் தயாராக வைத்திருந்தார். பப்ஸின் பக்கத்தில் அது எடுபடாது.

“நான் பிரியாணியே தின்னுபோட்டேனுங்க சாமி,” என்றார், பொங்கலுக்குப் பிறகு பிரியாணியின் வாசம்கூட அறியாதவர்.

“கோழியா?”

“மட்டனுங்க.”

பாராட்டை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

“உயிர்ப்பு வரைக்கும் அண்டா குண்டாவெல்லாம் நீதான் கழுவோணும்.”

“நானும் தானாத்தானுங்க ஒத்துக்கிட்டேன்.”

“அவன் தின்னது முட்டை. நீ தின்னது ஆடாச்சே கண்ணு.”

பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் மண்டியிட்டுப் பொய் சொன்னவனுக்குச் சட்டத்தில் பிரியாணியைவிடப் பெரிய தண்டனை இருந்தது.

மதியம், மௌன நேரத்தில், பிரான்சிஸ் சாம்பார் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாமுவேல் வந்து பக்கத்தில் நின்றார்.

“ஏனுங்க பிரதர்,” என்று குசுகுசுத்தார். “எந்தக் கடைங்க?”

பிரான்சிஸ் நிமிர்ந்து பார்த்தார். சாமுவேலின் முகத்தில் புகழுரையும் இல்லை, தாழ்ச்சியும் இல்லை. இத்தனை நாளும் பிரான்சிஸ் அவரைப் பார்த்த அதே பொறாமைப் பார்வை.

அம்மாவின் வேன் சற்று நேரம் மறந்துபோனது.

“கடையை உடுங்க பிரதர்,” என்றார். “நல்லி எலும்பு ஒண்ணு வெச்சிருந்தான் பாருங்க.”

சாமுவேல் எச்சில் விழுங்கினார். பிரான்சிஸ் நிதானமாக அடுத்த அண்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டார்.